பர்கண்டிக்கு எண்பத்தெட்டு

என் அப்பா லாசரஸுக்கு ஒயினைப் பற்றி எல்லாம் தெரியும். 1961-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி வரை ஒன்றும் தெரியாது. இரண்டாம் தேதியிலிருந்து எல்லாம் தெரியும். இடையில் நடந்தது இவ்வளவுதான்: ராபிள்ஸ் பிளேஸில் அப்பா தலைமைக் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியின் ஹார்டிங் துரை, சீமைக்குக் கப்பலேறும் முன் ஏழு பாட்டில் ஒயினை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு பாட்டில் பிரெஞ்சு பர்கண்டி, ஒன்று ஆஸ்திரேலியா. கூடவே கால் மணி நேரப் பிரசங்கமும் இலவசமாகக் கிடைத்தது.

அந்தப் பிரசங்கத்தில் துரை ஒரு வார்த்தை சொன்னாராம்: குடிப்பதற்கு முன் ஒயினைக் கொஞ்சம் மூச்சு விட விட வேண்டும். அப்பா துரை சொல்லைத் தட்டியதே கிடையாது. வீட்டுக்கு வந்த அன்றே ஏழு பாட்டில்களின் தக்கைகளையும் பிடுங்கினார். நன்றாக மூச்சு விடட்டும் என்று தக்கைகளைப் பாதிக்குச் செருகி, கூடத்து ரேடியோவின் தலைமேல் வரிசையாக நிறுத்தினார். அது பழைய வால்வு ரேடியோ. ஒரு மணி நேரம் பாடினால் தோசைக்கல் போலச் சூடாகிவிடும். மழை நாட்களில் அம்மா என் ரவிக்கைகளை அதன்மேல் போட்டுத்தான் காயவைப்பாள். இனிமேல் அங்கே துணி போடக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஒயினுக்கு அமைதி வேண்டுமாம்.

நாங்கள் அப்போது ஓவன் ரோட்டு அடுக்கு வீட்டில் மூன்றாம் மாடியில் இருந்தோம். சனிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் சபை கூடும். சபை என்றால் அப்பாவும் பக்கத்து வீட்டு சுப்பிரமணியம் சாரும்தான். சார் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், சனிக்கிழமை விரதக்காரர். திராட்சை பழம்தானே, பழச்சாறு விரதத்துக்கு ஆகும் என்பது அவர் கட்சி. அம்மா சுண்டல் செய்து வைப்பாள். சுண்டலும் விரதத்துக்கு ஆகும்.

அப்பா கிளாஸைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். சுழற்றுவார். மூக்கை உள்ளே விடுவார். ஒரு வாய் எடுத்து, பல் வலிக்கு வெந்நீர் கொப்பளிப்பவர்போல் இப்படியும் அப்படியும் உருட்டி விழுங்குவார்.

"உடம்பு இருக்கு. ஆனா மனசு இல்ல," என்பார்.

"அதேதான் சார். நானும் அதைத்தான் நினைச்சேன். மனசு இல்ல," என்பார் சுப்பிரமணியம் சார், சுண்டல் கிண்ணத்தைத் தம் பக்கம் நகர்த்தியபடி.

ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட நோட்டில் அப்பா மதிப்பெண் எழுதுவார். நிறம், மணம், உடம்பு, மனசு, முடிவு, ஒவ்வொன்றுக்கும் இருபது, மொத்தம் நூறு. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே என்று, கிறிஸ்துமஸுக்கு அம்மா போட்ட ஒயினையும் முதல் வாரமே சபைக்குக் கொண்டுவரச் சொன்னார். என் அம்மா பிலோமினம்மாள் வருஷா வருஷம் நாகூர் கனி கடையில் உலர்ந்த திராட்சை வாங்கி, சீனி, கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்து, சீன ஜாடிகளில் வாய்கட்டி வைத்து ஒயின் போடுவாள். பாதிரியார் முதல் பால்காரர் வரை அதற்காகவே எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வருவார்கள்.

அப்பா சுவைத்தார். முப்பத்தைந்து போட்டார்.

"திருவிழா சர்பத் மாதிரி இருக்கு பிலோமினா. வருத்தப்படாத. உனக்குப் பழக்கம் அவ்வளவுதான்."

"நான் எதுக்குங்க வருத்தப்படப் போறேன்? ரெண்டாவது கிளாஸ் ஊத்தச் சொன்னது நீங்கதான்," என்றாள் அம்மா.

பர்கண்டி முதல் வாரம் எழுபத்தொன்று வாங்கியது. பிறகு அறுபத்து நான்கு, ஐம்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே போயிற்று. பிப்ரவரி கடைசியில் அதைக் குடித்தவர்கள் முகத்தைப் பார்த்தால், எலுமிச்சம்பழத்தை முழுதாக விழுங்கியவர்கள்போல் இருக்கும். "ஒயின் நம்மளைச் சோதிக்குது," என்றார் அப்பா. சோதித்தது அவர் வயிற்றை. நெஞ்செரிச்சல் தாங்காமல் ஜனவரியிலிருந்தே வாரம் ஒரு முறை அரசாங்க மருந்தகத்துக்கு என்னை அனுப்புவார், வயிற்று மிக்சர் வாங்கிவர.

அந்த மிக்சரைக் கலந்து கொடுத்தவர் இஞ்ஞாசி. கேலாங்கிலிருந்து சைக்கிளில் வந்து போகிற கம்பவுண்டர். முதல் வாரம், "வேளைக்கு ஒரு அவுன்ஸ், நல்லா குலுக்கிக் கொடுங்க," என்றார். மூன்றாம் வாரம், "உங்க அப்பா என்னதான் சாப்பிடுறாரு?" என்றார். ஐந்தாம் வாரம், நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலுக்கே போகிறவர்கள் என்பதும், அவர் பாடகர் குழுவில் தூணுக்குப் பின்னால் நிற்பதால்தான் நான் கவனிக்கவில்லை என்பதும் தெரியவந்தது. ஏழாம் வாரத்திலிருந்து நான் தூணைத்தான் பார்த்துக்கொண்டு பூசை கண்டேன். ஆக, என் வாழ்க்கையில் ஒயின் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை.

மார்ச் மாதம் இரண்டு அதிசயங்கள் நடந்தன. ஒன்று, நான்காம் பர்கண்டி பாட்டில் திடீரென்று எண்பத்தெட்டு வாங்கியது. அப்பா பரவசப்பட்டார். "வயசு ஏற ஏற மெருகு ஏறுது பாரு. இது என்ன வாசனை தெரியுமா சுப்பிரமணியம்? பிரான்சு தேசத்து மண்ணுக்குக் கிராம்பு வாசனை உண்டு."

"நான் படிச்சிருக்கேன் சார்," என்றார் சுப்பிரமணியம் சார்.

இரண்டு, அப்பாவின் நெஞ்செரிச்சல் நின்றுபோயிற்று. மிக்சர் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு மகள் தன் தகப்பனின் உடல்நலத்துக்காக இவ்வளவு வருந்தியிருக்க முடியாது. மருந்தகத்துக்குப் போகக் காரணமில்லாமல், பாட்டுப் புத்தகத்துக்குள் சீட்டு வைத்துக் கொடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம். சீட்டுகள் பெருகி, மே மாதம் ஒரு ஞாயிறு இஞ்ஞாசியே அப்பாவிடம் நேரில் பேசிவிட்டார்.

அதே வாரம் ஈப்போவிலிருந்து ஒரு சம்பந்தக் கடிதமும் வந்திருந்தது. ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவரின் மகன். லண்டனில் இரண்டு வருஷம் இருந்து வந்தவன். படிப்பு என்ன ஆயிற்று என்று கடிதம் சொல்லவில்லை, ஆனால் லண்டனில் இருந்தான். அப்பாவுக்கு அது போதும்.

"அந்தப் பையனுக்கு ஒயின் தெரிஞ்சிருக்கும். இவன் மிக்சர் கலக்குறவன்," என்றார்.

"ஒயின் குடிச்சு வர்ற வயித்து வலிக்கு அந்த மிக்சர்தானே குடிச்சீங்க," என்றாள் அம்மா.

அப்பா நியாயவான். எதையும் விசாரிக்காமல் தள்ளுகிறவர் அல்ல. ஆகவே ஒரு பரீட்சை வைப்பதென்று தீர்மானித்தார். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இஞ்ஞாசி வரவேண்டும். மூன்று கிளாஸ் வைக்கப்படும். எது எப்படி என்று அவர் சொல்ல வேண்டும். "நாக்கு சரியா இருந்தா ஆளும் சரியா இருப்பான். உங்கம்மா போட்ட சர்பத்தைப் போய் நல்ல ஒயின்னு சொல்ற ஆளுக்குப் பொண்ணு கொடுத்துட்டு, நான் ஊர்ல தலைகாட்ட முடியுமா?" ஈப்போவுக்குச் சம்மதம் சொல்லும் கடிதத்தை டைப் அடித்துத் தயாராகக் கொண்டுவந்து, கடைசிப் பர்கண்டி பாட்டிலுக்கு அடியில் வைத்தார். இஞ்ஞாசி தோற்றால் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இருபத்து மூன்று வருஷம் வளர்த்த மகளின் வாழ்க்கையை ஒரு பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, காற்றில் பறக்காது என்று திருப்தியாக ஆபீஸுக்குப் போனார்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். பரீட்சையில் பார்த்து எழுதுவது பாவம் என்று எனக்குத் தெரியும். பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லித் தீர்க்கப் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று இருப்பதும் தெரியும். ஞாயிறு பூசையில் பாட்டுப் புத்தகத்தில் சீட்டு வைத்தேன்: "முதல் கிளாஸ் பிரெஞ்சு. வாய் ஓயாமல் புகழுங்கள், கிராம்பு வாசனை என்று சொல்லுங்கள். இரண்டாவது ஆஸ்திரேலியா, சுமார். மூன்றாவது அம்மாவுடையது, முகத்தைச் சுளியுங்கள். அம்மா மன்னிப்பாள்."

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. நான் அடுக்களையில் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சுண்டலுக்குத் தாளித்தபடியே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போல் சொன்னாள்:

"முதல்லயும் மூணாவதுலயும் ஒரே அளவா ஊத்து பிரிஜட். ரெண்டும் ஒண்ணுதான்."

"எது ஒண்ணு?"

"ரெண்டும் என் ஒயின்தான். அப்பாவோட பர்கண்டி மார்ச்சுலயே முடிஞ்சு போச்சு."

நான் கிளாஸை மேசையில் வைத்தேன். கையில் இருந்தால் உடைந்திருக்கும்.

"கீழ் வீட்டுத் தங்கம் கேகே ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்து வந்தப்ப எப்படி வெளுத்துப் போய் வந்தா, பாத்தல்ல? ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. அவ மாமியார் ஓடி வந்து, பிராந்தி இருந்தா கொடுங்கக்கா, பிள்ளை பெத்த உடம்புக்குச் சூடு வேணும்னாங்க. நம்ம வீட்டுல பிராந்தி ஏது? இருந்தது அப்பா குடிச்சது போக மிச்ச மூணு பர்கண்டிதான். வாயில வச்சுப் பாத்தேன், ஒரே புளிப்பு. கருப்பட்டி போட்டு, சுக்கு தட்டிப் போட்டு, மிளகு நாலு போட்டு நல்லா காய்ச்சினேன். வேளைக்கு ஒரு அவுன்ஸ், நாப்பது நாள். இப்ப தங்கம் எப்படி இருக்கா பாரு."

"அம்மா, அப்பாவோட பர்கண்டியையா சுக்குப் போட்டுக் காய்ச்சின?"

"பின்ன பச்சையா கொடுக்க முடியுமா, பச்சை உடம்புக்காரிக்கு? காலி பாட்டிலா இருந்தா அவரு மனசு கஷ்டப்படும்னு நம்ம ஜாடியில இருந்து ஊத்தி வச்சேன். தக்கையெல்லாம் அவரே பிடுங்கி வச்சிருந்தாரு, சௌகரியமா போச்சு."

எண்பத்தெட்டு. கிராம்பு வாசனை. பிரான்சு தேசத்து மண். எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிற்று. கூடவே இன்னொன்றும் விளங்கிற்று. என் சீட்டைப் படித்த மனிதர், ஒரே ஒயினை ஒரு கிளாஸில் புகழ்ந்து மறு கிளாஸில் முகம் சுளிக்க வருகிறார். கீழே சைக்கிள் மணி கேட்டது.

இஞ்ஞாசி வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வழிய, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுப்பிரமணியம் சார் தலைமைப் பரிசோதகர்போல் காலை மடக்கி அமர்ந்திருந்தார். நான் மூன்று கிளாஸ்களையும் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். எச்சரிக்கலாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் நான் அழகாக இருக்கிறேன் என்று மட்டும் புரிந்துகொண்டார்.

"எடுங்க தம்பி," என்றார் அப்பா. "அவசரம் இல்ல. ஒயினுக்கு அவசரம் ஆகாது."

முதல் கிளாஸை எடுத்தார் இஞ்ஞாசி. கொப்பளிக்கவெல்லாம் இல்லை. மருந்தை முகர்வதுபோல் கையால் வாசனையைத் தம் பக்கம் விசிறி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். கிராம்பு வாசனை தெரியுது."

அப்பாவின் புருவம் உயர்ந்தது. ஈப்போ ரயில் ஒரு ஸ்டேஷன் பின்னால் போயிற்று.

இரண்டாவதை முகர்ந்தார். குடிக்கவில்லை. கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது காடி ஆயிடுச்சு சார்."

"என்ன ஆயிடுச்சு?"

"காடி. மீன் ஊறுகாய்க்கு ஊத்துவாங்களே. அதுக்கு நல்லா இருக்கும்."

"அது ஆஸ்திரேலியா தம்பி. அதுக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்."

"பொறுத்தா இன்னும் மோசமாகும் சார்."

சுப்பிரமணியம் சார் தம் கிளாஸிலிருந்த ஆஸ்திரேலியாவை ஏற்கெனவே ஒரு வாய் குடித்துவிட்டுப் பொறுமையாக இருந்தார். அவர் கண்ணில் நீர் நின்றது.

மூன்றாவது கிளாஸ். இஞ்ஞாசி முகர்ந்தார். குடித்தார். நான் அடுக்களை வாசலில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. முதல் கிளாஸைத் திரும்ப எடுத்து ஒரு வாய். மறுபடி மூன்றாவது. பிறகு என்னைப் பார்த்தார். சுளியுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். எனக்காக ஒரு சுளிப்பு, ஒரே ஒரு சுளிப்பு.

"சார், முதல் கிளாஸும் மூணாவது கிளாஸும் ஒண்ணுதான்."

அப்பா தம் நாற்காலியை இஞ்ஞாசியின் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"தம்பி," என்றார் அப்பா, குழந்தைக்குச் சொல்வதுபோல். "ஒண்ணு பிரான்சு தேசத்துல இருந்து கப்பல்ல வந்தது. இன்னொண்ணு என் சம்சாரம் ஜாடியில போட்டது."

"இருக்கலாம் சார். ஆனா கிளாஸ்ல இருக்கிறது ஒண்ணுதான். இதைச் சொல்லாம இருந்துடலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். முடியல. எங்க மருந்தகத்துல ரெண்டு பாட்டில்ல ஒரே மருந்து, லேபிள் மட்டும் வேறன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தா, யாராவது செத்துப் போயிடுவாங்க."

"பெரிய அவமானம் சார் இது," என்றார் சுப்பிரமணியம் சார். "பர்கண்டிக்கு."

அப்பா எழுந்தார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார், ஆங்கிலம் பேசுவார். "தட் இஸ் ஆல்," என்றார். ரேடியோவிடம் போய்ப் பாட்டிலைத் தூக்கி, அடியிலிருந்த கடிதத்தை எடுத்தார். பாட்டில் வைத்த இடத்தில் கடிதத்தின்மேல் சிவப்பு வட்டம் ஒன்று விழுந்திருந்தது.

"பிரிஜட், என் பேனாவை எடுத்துட்டு வா."

நான் அசையவில்லை. முதல் தடவையாக அப்பா சொன்ன ஒன்றை நான் செய்யவில்லை. இஞ்ஞாசியும் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, சொன்னதைத் திரும்பப் பெறுகிற யோசனை மட்டும் இல்லை. இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துவது அவ்வளவு சுலபமாக இருக்காது என்று அப்போதே எனக்குப் பட்டது. அப்படியும் அவர்தான் வேண்டும் என்றும் பட்டது.

"அதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் இருங்க," என்று அம்மா கூடத்துக்கு வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. "அந்தப் பையன் சொன்னது சரிதான். ரெண்டும் என் ஒயின்."

"என்ன உளறுற பிலோமினா? பர்கண்டி எங்க போச்சு?"

கீழ் வீட்டில் தங்கத்தின் குழந்தை பாலுக்கு அழத் தொடங்கியிருந்தது. மூன்று மாதக் குழந்தை. மூன்றாம் மாடி வரை ஜன்னல் அதிரும்படி அழுதது. அம்மா கரண்டியால் தரையைக் காட்டினாள்.

"அதோ கேக்குதே, அதுதான் உங்க பர்கண்டி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கத்தின் வெளுத்த முகம், மாமியார் ஓடிவந்தது, மூன்று பாட்டில், கருப்பட்டி. சுக்கு என்ற இடத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மிளகைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மார்ச் மாசம்தானேம்மா?" என்றார் இஞ்ஞாசி மெதுவாக.

"ஆமாப்பா. மார்ச்."

"அதான். மார்ச்சுல இருந்து சாருக்கு மிக்சர் வாங்க யாரும் வரல. நான் சாருக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். பாதி சந்தோஷம்தான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார்.

அப்பா கீழே குழந்தை அழுகையை நிறுத்தும் வரை காத்திருந்தார் போலும். பிறகு முதல் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். சுழற்றவில்லை, கொப்பளிக்கவில்லை. மூன்றாவதை எடுத்து ஒரு வாய்.

"ஒண்ணுதான்," என்றார்.

"நான் அன்னைக்கே நினைச்சேன் சார்," என்றார் சுப்பிரமணியம் சார். "கிராம்பு எப்படி பிரான்சுல?"

அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். சுண்டல் கிண்ணம் தானாகவே மேசையின் நடுவுக்கு நகர்ந்தது.

அப்பா நோட்டைத் திறந்தார். எண்பத்தெட்டு என்று எழுதிய பக்கத்தையும், முப்பத்தைந்து என்று எழுதிய பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். பிறர் தப்பைக் கண்டுபிடித்து மூன்று குமாஸ்தாக்களை அழ வைத்தவர். நான் போய்ப் பேனாவை எடுத்து வந்தேன். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.

முப்பத்தைந்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எண்பத்தெட்டு என்று எழுதினார். அதன் கீழே சின்னதாகத் தம் கையெழுத்தைப் போட்டார். அவருடைய ஆபீஸில் பேரேட்டில் திருத்தம் செய்தால் திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும், கூட இன்னொருவரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது.

சுப்பிரமணியம் சார் கையை நீட்டினார். அப்பா நோட்டை அவரைத் தாண்டி எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.

"சரிபாத்தவர் இடத்துல போடுங்க, தம்பி."

இஞ்ஞாசிக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுப்பா. அவரு வேற எப்படியும் சொல்ல மாட்டாரு," என்றாள்.

இஞ்ஞாசி கையெழுத்துப் போட்டார். எழுத்து நன்றாக இருக்கிறது என்று அப்பா பாராட்டினார். அன்று மாலை அவர் செய்த ஒரே பாராட்டு அதுதான். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டுப் பேரேட்டில் கடைசி வரை ஏறவில்லை. ஈப்போவுக்குத் திங்கட்கிழமை வேறு கடிதம் போயிற்று. பழைய கடிதத்தின் முதுகில் அம்மா கல்யாணப் பலகாரத்துக்குச் சாமான் பட்டியல் எழுதினாள். முதல் வரி: உலர்ந்த திராட்சை, எட்டுக் கட்டி எடை, ஏறக்குறைய ஐந்து கிலோ.

ஆகஸ்டில் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, செப்டம்பரில் எங்கள் கல்யாணம் நடந்தது. விருந்தில் அம்மாவின் ஒயினைத்தான் ஊற்றினார்கள். அப்பா மேசை மேசையாகப் போய், இதன் உடம்பு எப்படி, மனசு எப்படி என்று விளக்கம் சொன்னார். போட்டவளை விட விளக்கியவருக்கே எல்லோரும் கை கொடுத்தார்கள். தங்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பா அதன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, நிறம் இருபதுக்கு இருபது என்றார்.

கல்யாணம் முடிந்து நாங்கள் முதல் தடவை விருந்துக்குப் போனபோது கூடத்தில் சத்தம் கேட்டது. அம்மாவின் சீன ஜாடி ஒன்று ரேடியோவின் தலைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"எண்பத்தெட்டு வாங்கினது அடுக்களையில கிடக்கலாமா? அது இருக்க வேண்டிய இடம் இதுதான்," என்று அப்பா வாதாடிக்கொண்டிருந்தார்.

"உங்க மரியாதையெல்லாம் வேணாம். சூட்டுல காடி ஆயிடும்," என்று அம்மா ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குக் கிளம்பினாள். போகிற போக்கில் மருமகனிடம், "நீயாவது சொல்லேன்பா," என்றாள்.

இஞ்ஞாசி மாமனாரைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். உண்மை பேசுகிற மனிதர், கல்யாணமாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஜாடி கனமா இருக்கும்மா, கொடுங்க," என்று வாங்கி அடுக்களைக்குத் தூக்கிப் போனார்.